ஜெயசீலன் அவர்களின் பெயரை எந்தப் பட்டியலில் வாசிப்பது?

அனுப்புநர்:
பெனிற்றா கிறிஸ்துராஜா (வயது 14),
பத்தாம் ஆண்டு மாணவி,
பிளேஸ்டோ, லண்டன்.

பெறுநர்:
உயர்திரு குருமுதல்வர் அவர்கள்,
குருமுதல்வர் அலுவலகம்,
லண்டன்.

பொருள்: பிளேஸ்டோ தூய ஒஸ்வால்ட் ஆலயத்தின் மரித்தோர் பட்டியலில் தவறாகச் சேர்க்கப்பட்ட திரு. ஜெயசீலன் அவர்களின் பெயரை, எதிர்வரும் நவம்பர் முதலாம் திகதி ஆராதனைக்கு முன்னர் நீக்கக் கோருதல்.

இணைப்பு: யூலை 12ஆம் திகதிய அறிவிப்புத் தாள், இம்மனுவின் ஆங்கிலப் பிரதி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி ஆலயத்தில் திடப்படுத்தல் பெற்ற அங்கத்தவர். எங்கள் ஆலய மண்டபத்துச் சுவரில் ஊழியங்களுக்கென ஒரு பலகை உண்டு. பூ அலங்காரம், தேநீர், நோயாளரைச் சந்தித்தல், புதன்கிழமை மதிய உணவு என ஒவ்வொன்றின் கீழும் அதைச் செய்பவர்களின் படங்கள் ஒட்டப்பட்டிருக்கும். ‘மொழிபெயர்ப்பு’ என்பதன் கீழே என் படம் மட்டும் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் சொல்லும் செய்திகளை ஆங்கிலத்தில் எழுதி, ஞாயிறு அறிவிப்புத் தாளுக்காக வியாழக்கிழமைதோறும் அலுவலகத்திற்கு அனுப்புவது என் வேலை. இம்மனுவில் கூறப்படும் தவறு அந்த வேலையில்தான் நேர்ந்தது. செய்தவள் நானே. அதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன்.

2. இம்மனுவைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பாதிக்கப்பட்டவரான திருமதி அஞ்சலீனா ஜெயசீலன் (நான் அன்ரி என்று அழைப்பவர்) ஆங்கிலம் சரளமாக வாசிக்கமாட்டார். தன் பெயரில் என்ன எழுதப்படுகிறது என்பதை ஒவ்வொரு வரியாக வாசித்த பின்பே அவர் கையெழுத்து வைப்பார். ஆங்கிலப் பிரதியை நானே எழுதினேன். இம்முறை இன்னொருவரைக் கொண்டு இரண்டு தடவை சரிபார்த்தேன். இரண்டுக்கும் வேறுபாடு இருப்பின் தமிழையே சரியானதாகக் கொள்ளவும்.

3. எங்கள் ஆராதனையில் மன்றாட்டின்போது இரண்டு பட்டியல்கள் வாசிக்கப்படுகின்றன. முதலாவது, நோயாளரும் துன்பப்படுவோரும். இரண்டாவது, மரித்தோர். அஞ்சலீனா அன்ரியின் கணவர் திரு. ஜெயசீலன் அவர்கள் இலங்கையில் போர் நடந்த வன்னியில் இருந்தவர். இவ்வாண்டு ஏப்ரல் நான்காம் திகதி கடைசியாகத் தொலைபேசியில் பேசினார். அதன்பின் எந்தச் செய்தியும் கிடைக்கவில்லை. ஏப்ரல் முதல் அவருடைய பெயர் முதலாவது பட்டியலில் வாசிக்கப்பட்டு வந்தது. ஆங்கில ஆராதனையில் வாசிப்பவர்கள் ‘ஜெயஸீலன்’ என்று இழுத்தாலும் வாசித்தார்கள். அது அன்ரிக்குப் போதுமாயிருந்தது.

4. யூலை 9ஆம் திகதி, வியாழக்கிழமை, அன்ரி தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலிருந்து, பத்து நிமிட இடைவேளையில், எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். அழுதுகொண்டிருந்தார். அவர் கூறிய வார்த்தைகள் முக்கியமானவை என்பதால் அப்படியே தருகிறேன்: “பிள்ளை, வவுனியாவிலையிருந்து கதைச்சவை. அவர் இல்லையாம். சேர்ச்சில சொல்லிவிடு. ஜெபிக்கச் சொல்லு.” உடனே தொடர்பு துண்டிக்கப்பட்டது.

5. ஐயா, தமிழில் ‘அவர் இல்லை’ என்றால் ‘அவர் அந்த இடத்தில் இல்லை’ என்றும் பொருள்படும். ‘அவர் இறந்துவிட்டார்’ என்றும் பொருள்படும். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருக்கும் வவுனியா முகாம் ஒன்றின் பெயர்ப்பட்டியலைத் தெரிந்த ஒருவர் பார்த்து, திரு. ஜெயசீலன் அந்த முகாமில் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அன்ரி சொன்னது அதைத்தான். நான் விளங்கிக்கொண்டது மற்றதை. திரும்ப அழைத்து, “எங்க இல்லை அன்ரி?” என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அழுகிறவரிடம் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். அறிவிப்புத் தாளுக்கு ‘இஸ் நோ மோர்’ என்று எழுதி அனுப்பினேன். நான் நூலகத்தில் எடுத்து வாசிக்கும் பழைய நாவல்களில் இறப்பை அப்படித்தான் எழுதியிருப்பார்கள். அது கண்ணியமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

6. யூலை 12ஆம் திகதி திரு. ஜெயசீலன் அவர்களின் பெயர் இரண்டாவது பட்டியலில் வாசிக்கப்பட்டது. அன்று அன்ரிக்கு வேலை. அவர் ஆராதனையில் இல்லை.

7. ‘ஒரு மாதம் அவருக்கே தெரியாமற் போனது எப்படி?’ என்று ஆலயத்தின் ஊழியச் செயற்குழுவில் கேட்கப்பட்டது. தாங்களும் கேட்கக்கூடும். மற்ற ஞாயிறுகளிலும் அன்ரிக்கு வேலை இருந்ததால், பட்டியல்கள் வாசிக்கப்படாத மாதக் கடைசித் தமிழ் ஆராதனைக்கு மட்டுமே வந்தார். அங்கே பலர் வந்து அன்ரியின் கையைப் பிடித்து அழுதார்கள். முகாமில் அவரைக் காணவில்லை என்பதற்காக அழுகிறார்கள் என்றே அன்ரி நினைத்தார். திரு. ஜெயசீலனின் அண்ணன் திரு. விஜயரத்தினம், ஃபாரஸ்ட் கேற்றில் மளிகைக் கடை வைத்திருப்பவர், அறிவிப்புத் தாளைப் பார்த்த அன்றே அன்ரிக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். “தம்பி இல்லையாமே?” என்று கேட்டார். “ஓம் அண்ணை, இல்லையாம்” என்று அன்ரி சொன்னார். இருவரும் அழுதார்கள். அதற்கு மேல் இருவராலும் பேச முடியவில்லை. ஒருவர் ஒன்றைச் சொல்ல, மற்றவர் வேறொன்றைக் கேட்டிருக்கிறார்.

8. மூன்று வாரங்கள் கழித்து, ஓகஸ்ட் 2ஆம் திகதி, திரு. விஜயரத்தினம், மரித்தோர் நினைவு ஆராதனைக்கான படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு ஆலய அலுவலகத்தில் கொடுத்தார். இறந்த திகதி என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறார்.

9. ஓகஸ்ட் 12ஆம் திகதி புதன்கிழமை உண்மை தெரியவந்தது. எங்கள் ஆலயத்தில் துணையை இழந்தவர்களுக்கென மாதத்தில் ஒரு புதன்கிழமை மதிய உணவு கொடுக்கப்படும். அதை நடத்தும் கலாவதி அன்ரி நல்ல மனதோடு அஞ்சலீனா அன்ரியை அழைத்தார். கோடை விடுமுறை என்பதால் நான் தட்டுகள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். “இனி நீங்களும் எங்களோட வந்து இருங்கோ, தனிய வீட்டில இருக்காதேங்கோ” என்றார் கலாவதி அன்ரி. “நான் ஏன் இதில இருக்க வேணும்? இது புருசன் செத்தவையின்ர சாப்பாடெல்லோ?” என்றார் அஞ்சலீனா அன்ரி. மேசையிலிருந்த பதினொரு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு கலாவதி அன்ரி கைப்பையிலிருந்து மடித்து வைத்திருந்த அறிவிப்புத் தாளை எடுத்துக் காட்டினார். அன்ரி அதில் தன் கணவரின் பெயரை மட்டும் வாசித்துவிட்டு, மற்றதை வாசிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

10. நான் வாசித்தேன். தமிழிலும் சொன்னேன். அன்ரி என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. “நான் அங்க இல்லையெண்டெல்லோ சொன்னனான்” என்று மட்டும் சொன்னார். ‘அங்க’ என்று அவர் சொன்னாரா, நான் கேட்கத் தவறினேனா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று மாலை என் அம்மா, “உன்ர பெரிய இங்கிலிசால ஒரு மனிசனையே சாக்கொண்டு போட்டாய்” என்றார்.

11. அடுத்த ஞாயிறே குருவானவரைச் சந்தித்துத் தவறை ஒப்புக்கொண்டேன். அவர் அன்பாகக் கேட்டார். ஆனால் உடன்பிறந்தவரே கையெழுத்திட்ட படிவம் இருப்பதால், அவர் அதைத் திரும்பப் பெற்றால் மட்டுமே பெயரை எடுக்க முடியும் என்றார். நானும் அம்மாவும் அன்ரியும் திரு. விஜயரத்தினத்தின் கடைக்குப் போனோம். நடந்ததை நான் சொன்னேன். அவர் தராசில் இருந்த வெங்காயத்தைத் திரும்பப் பெட்டியில் கொட்டினார். பின்னர், “நான் அழுது முடிச்சிட்டன், அஞ்சலீனா. ஏப்ரல் தொடங்கி ஒவ்வொரு நாளும் போன் அடிக்கேக்க நெஞ்சு பதறினது. இப்பதான் நித்திரை கொள்ளுறன். திரும்பவும் முதலிலையிருந்து காத்திருக்க என்னால ஏலாது” என்றார். படிவத்தைத் திரும்பப் பெற அவர் சம்மதிக்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. நாங்கள் புறப்படும்போது அன்ரிக்கு ஒரு பை நிறையச் சாமான் கட்டிக் கொடுத்தார். அன்ரி அதை வாங்காமல் வந்துவிட்டார். அதன்பின் இருவரும் பேசவில்லை.

12. செப்ரெம்பர் 20ஆம் திகதி ஊழியச் செயற்குழு கூடி இதை ஆராய்ந்தது. சாட்சி சொல்ல நான் குறிப்புகளுடன் போயிருந்தேன். செயலாளர் திரு. நவரத்தினம், “சின்னப்பிள்ளையளுக்குக் கொமிற்றியில இடமில்லை. வேணுமெண்டால் தேத்தண்ணி கொண்டுவந்து குடுக்கட்டும்” என்றார். தேநீர் கொடுத்தேன். கொடுக்கும்போது கேட்டவை இவை: ஆறு மாதமாகிறது, எல்லோரும் ஏற்றுக்கொண்டாயிற்று, இனியும் நம்பிக்கை கொடுப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் கொடுமை, ஒருமுறை ஒரு பெயரை மாற்றினால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். குடும்பத்தினரிடையே கருத்து வேறுபாடு இருப்பதால் தற்போதைய நிலையே தொடரட்டும் என்று முடிவு எழுதப்பட்டது. அன்ரி அந்த நேரம் வெளியே நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

13. தாங்கள் கவனிக்க வேண்டியது இதுதான், ஐயா. திரு. ஜெயசீலன் இறந்துவிட்டார் என்பதற்கு ஆதாரம் என்ன என்று செயற்குழுவிடம் கேட்டால், அண்ணனின் படிவம் என்கிறது. அண்ணனிடம் கேட்டால், ஆலயத்தின் அறிவிப்புத் தாள் என்கிறார். அறிவிப்புத் தாளுக்கு ஆதாரம் நான். நான் உடலைக் காணவில்லை, கண்டவரிடம் பேசவுமில்லை. ஒரு தொலைபேசி அழைப்பை அரைகுறையாகக் கேட்ட பள்ளி மாணவி. வேறு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

14. காணாமற்போனோரைத் தேடும் தொண்டு அமைப்பு ஒன்றுக்கு அன்ரி செப்ரெம்பரில் விண்ணப்பித்திருக்கிறார். விண்ணப்பத்தை நிரப்ப நான் உதவினேன். இம்மாதம் 14ஆம் திகதி பதில் வந்தது. அன்ரி கேட்டதும் “இல்லையாம்” என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். “அவையிட்ட இன்னும் ஒரு தகவலும் வரேல்லை. தொடர்ந்து தேடுகினமாம்” என்று முழுதாகச் சொன்னேன்.

15. நவம்பர் முதலாம் திகதி மாலை மரித்தோர் நினைவு ஆராதனை. அன்று பெயர்கள் வாசிக்கப்பட்டு, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றப்படும். அதன்பின் அப்பெயர்கள் ஆலய நினைவேட்டில் மையினால் எழுதப்படும். நினைவேட்டில் எழுதிய பெயரை அழிக்கும் வழக்கம் இல்லை என்று அலுவலகத்தில் கூறினார்கள். மெழுகுதிரி ஏற்ற வரும்படி அன்ரிக்கு அழைப்புக் கடிதமும் வந்துவிட்டது. இன்றிலிருந்து பதினொரு நாட்களே உள்ளன. ஆகவேதான் தங்களுக்கு நேரடியாக எழுதத் துணிந்தேன்.

16. இம்மனுவின் முதற்பிரதியில், ‘திரு. ஜெயசீலன் உயிரோடு இருக்கிறார் என்பதால்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அன்ரி பேனாவை வாங்கி அதை வெட்டிவிட்டார். “அப்பிடி எழுதாத பிள்ளை. எனக்கு அது தெரியாது. அவைக்கும் தெரியாது. தெரியாதெண்டுதானே கடவுளிட்டயும் சொல்ல வேணும்” என்றார். ஆகையால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று தாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என நாங்கள் கேட்கவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று எங்கள் ஆலயம் சொல்லாதிருக்க வேண்டும் என்று மட்டுமே கேட்கிறோம்.

17. நேற்றுப் பள்ளிக்கூடம் முடிந்ததும் இம்மனுவைத் திரு. விஜயரத்தினத்தின் கடைக்குக் கொண்டுபோனேன். அவரைப் பற்றி எழுதிவிட்டு அவருக்குக் காட்டாமல் அனுப்புவது முறையல்ல என்று நினைத்தேன். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று முழுவதையும் வாசித்தார். ஏழாவது பந்தியை இரண்டு தரம் வாசித்தார். கையெழுத்து வைக்கவில்லை. மனுவைத் திருப்பித் தரும்போது, “நான் கையெழுத்து வைக்கேல்லை. ஆனா வேண்டாமெண்டும் சொல்லேல்லை. அதை அப்பிடியே எழுது. கூட்டியும் எழுதாத, குறைச்சும் எழுதாத” என்றார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

18. எனவே ஐயா அவர்கள், திரு. ஜெயசீலனின் பெயரை மரித்தோர் பட்டியலிலிருந்து எடுத்து முதலாவது பட்டியலில் மீண்டும் சேர்க்கும்படியும், அன்ரிக்கு அனுப்பிய அழைப்புக் கடிதத்தைத் திரும்பப் பெறும்படியும், நினைவேட்டில் அப்பெயர் எழுதப்படுவதைத் தடுக்கும்படியும் எங்கள் ஆலயத்திற்குப் பணிக்க வேண்டும். அறிவிப்புத் தாளில் திருத்தம் வெளியிடும்போது, தவறு மொழிபெயர்ப்பாளருடையது என்று என் பெயரைப் போடுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. பலகையிலிருந்து என் படத்தை எடுப்பதானாலும் சரி. தங்கள் பதில் முதலாம் திகதிக்கு முன் கிடைத்தால், அதை ஒரு சொல்லும் விடாமல் அன்ரிக்கு வாசித்துக் காட்டுவேன்.

தங்கள் நீதியை எதிர்பார்த்து நிற்கும்,

பெனிற்றா கிறிஸ்துராஜா

இதை முழுவதும் வாசித்தேன். சரி.
அஞ்சலீனா ஜெயசீலன்
(திரு. ஜெயசீலனின் மனைவி)

இடம்: பிளேஸ்டோ, லண்டன்
திகதி: 21 ஒக்ரோபர் 2009