பழைய இன்ஜினுக்கு எந்த விதி

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம், நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எங்கள் சௌக்கியம் முழுசாகும். போனில் பாதிப் பேச்சைக் காற்று தின்றுவிடுகிறது, இந்தச் சேதியை அரைகுறையாகச் சொல்ல மனசில்லை, அதனால்தான் கடிதம். எங்கள் பட்டறையில் செய்த இன்ஜின் வளையத்துக்கு இன்று காலை ஒப்புதல் கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு முட்டி வலி தேவலை. தம்பி மறுபடியும் கார் ஓட்டும் தேர்வில் கோட்டைவிட்டான், கேட்டால் பிரேக்கின் மேல் பழி போடுகிறான்.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். சின்ன விமானங்களில் ஓடும் ஒரு பழைய இன்ஜின், அதற்கு உள்ளே சுழலும் வளையம் ஒன்றை எங்கள் பட்டறையில் புதிதாகச் செய்தோம். முன்பு அதை வார்ப்பில் ஊற்றிச் செய்தார்கள், நாங்கள் உலோகப் பொடியை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக வளர்த்தோம். விமானத்தில் ஏறும் எந்தத் துண்டையும் விதிப்படி இருக்கிறது என்று பட்டறை சார்பில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப, விமானத்துறை அதிகாரி ஒப்புதல் தர வேண்டும். எந்த விதிப்படி என்பதில்தான் வம்பே. ஓர் இன்ஜினுக்கு அனுமதி கேட்ட காலத்தில் எந்த விதி இருந்ததோ அதுதான் அதற்கு, அதே மாதிரியான மாற்றுத் துண்டுக்கும் அதுவே போதும். மாற்றம் பெரிதென்றால் மட்டும் இன்றைய விதிக்கு வர வேண்டும், அது கடுமையானது.

எங்கள் முதலாளி, "பழைய இன்ஜினுக்குப் பழைய விதி, இதுல யோசிக்க என்ன இருக்கு" என்றார். பழைய விதிச் சோதனையில் வளையம் தேறியும்விட்டது. பொடியில் செய்யும் முறையை அந்த விதியை எழுதியவர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள், இது பெரிய மாற்றம்தான், இன்ஜின் சூட்டிலேயே வேகத்தைக் கூட்டிச் சுழற்றிப் பார்த்தே ஆக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். "நீங்க நம்ம ஆளா, அதிகாரியோட ஆளா" என்று கேட்டார். "கையெழுத்து என்னுது சார்" என்றேன். அதற்குப் பிறகு என்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் கணக்கரிடம் சொல்லி அனுப்பினார். வீட்டில் அப்பா, "வேலை போனா போகட்டும், நான் சமைச்சுப் போடறேன்" என்றார், அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

என் கையெழுத்து இல்லாமல் வளையம் நகராது என்பதால் முதலாளி கடைசியில் சோதனைக்கு இறங்கி வந்தார். சோதனை நாளில் கான்கிரீட் குழிக்குள் வளையத்தை இறக்கிச் சூடேற்றிச் சுழற்றினார்கள். நாங்கள் வெளியே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வேகம் ஏறிக்கொண்டே போனது. திடீரென்று காலடியில் தரை ஓர் உதை உதைத்தது, திரை வெளுத்துப்போனது. வளையம் துண்டு துண்டு. நான் சொன்னது சரியாகிவிட்டது, ஆனால் எனக்கு அழுகைதான் வந்தது. முதலாளி ஒரு துண்டைக் கையில் வாங்கி, "இது மேல பறக்கும்போது..." என்று தொடங்கி, முடிக்காமல் கீழே வைத்தார்.

அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தோம். செய்து முடித்த வளையத்தைப் பதப்படுத்தும் உலையிலிருந்து எடுத்ததும் அவசரமாக ஆறவிட்டதில் உள்ளே மயிரிழைப் பிளவுகள். ஆறவிடும் முறையை மாற்றிப் புதிதாகச் செய்து மறுபடி குழியில் இறக்கினோம். அதே வேகம், அதற்கும் மேலே, சொன்ன நேரம் முழுக்கச் சுழன்று சமர்த்தாக நின்றது. எங்கள் பட்டறையில் வெல்டிங் செய்யும் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள், இந்த வயதில் நானும் குதித்தேன், யாரிடமும் சொல்லாதே. இன்றைய விதிப்படியே ஒப்புதல் தந்திருக்கிறார்கள். மத்தியானம் முதலாளியே என் மேசைக்கு வந்து அடுத்த துண்டின் வரைபடத்தை விரித்து, "இதுக்கு எந்த விதின்னு முதல்ல சொல்லுங்க, செய்யறதா வேணாமான்னு அப்புறம் பாப்போம்" என்றார்.

நீ நீண்ட ஆயுளோடு, நினைத்ததெல்லாம் கைகூடி இருக்க வேண்டும். பல் வலியைத் தள்ளிப்போடாதே. இன்னொன்று, லீவுக்கு வரும்போது நீ ஏறும் அந்தக் குட்டி விமானத்தில் என்ன இன்ஜின் என்று விமானியிடம் கேட்டு உடனே எனக்கு எழுது. சிரிக்காதே, கேள்.

என்றும் உன் நினைவாக,
அம்மா