லினக்ஸ் நின்ற நாள்

வியாழன், இரவு

"பாத்தியா, உன் லினக்ஸும் நின்னுடுச்சி!" என்று கத்திய பிறகுதான் என் கையில் இருந்த பிளக்கைப் பார்த்தேன். கைபேசிக்குச் சார்ஜ் போட நான் பிடுங்கியது மகள் கவிதாவின் கணினியை. சத்தமில்லாமல் திரும்பச் செருகினேன்.

எனக்கும் மகளுக்கும் பதினைந்து நாளாகப் போட்டி. புடவை டிசைனைத் தறிக்கு அனுப்ப இரண்டு கணினிகள். என்னுடையதில் காசு கொடுத்து வாங்கிய சிஸ்டம், அவளுடையதில் இலவச லினக்ஸ். எது நிற்காமல் ஓடுகிறதோ அதில்தான் கல்யாண ஆர்டரான முகூர்த்தப் புடவையை ஏற்றுவது என்று பேச்சு. என்னுடையது அப்டேட் என்று இரண்டு முறை தானே அணைந்து பார்டரைக் கெடுத்தது. அவளுடையது இன்றுவரை ஒருமுறைகூட நிற்கவில்லை.

கவிதா கணினியில் எதையோ படித்துவிட்டு, "இது தானா அணையலபா. கரண்ட் போயிருக்குது" என்றாள்.

"எங்க போச்சி? ஃபேன் சுத்திகினுதான இருந்துச்சி" என்றார் தறியில் இருந்த சேகர்.

"எலி வயரை இழுத்திருக்கும்" என்றேன் நான். பாவம், மாலை முழுக்க மேசைக்கடியில் எலி தேடினாள்.

நான் முடிவு செய்துவிட்டேன். டிசைன் வரையும் மென்பொருள் என் கணினியில்தான் ஓடும், அது வரையட்டும். தறியை லினக்ஸ்தான் ஓட்டும். கவிதா கட்டளை தட்டும் அந்தக் கறுப்புத் திரையில் தட்டவும் கற்றுக்கொள்வேன். எட்டாவது படித்தவனுக்கு நாலு கட்டளை வராதா?

சாப்பிடும்போது, "காலையில முகூர்த்தப் புடவைய உன்னுதுல ஏத்திடலாம்மா" என்றேன்.

"எலி ஆப்டட்டும்பா. பாதியில நின்னா பொண்ணு வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

"எலி இனிமே வராது."

"அது உனக்கு எப்டி தெரியும்?"

அந்த எலிதான் எதிரில் உட்கார்ந்து சோறு தின்கிறது என்று வாய்வரை வந்தது. இன்னொரு கவளம் சோற்றைப் போட்டு வாயை அடைத்துக்கொண்டேன்.