சனிக்கிழமை காய்ச்சிய கூழ்

அன்புள்ள ஓவியா அக்காவுக்கு,

அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே அம்மாவும் நானும் சுகம். டெல்லியில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், நீ நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் நீ "சொல்லுடி மணி" என்றதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிடுகிறாள். அதனால்தான் கடலை உருண்டைப் பார்சலுக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த கடலையின் தோலை ஊதிக்கொண்டே தன் பங்குச் செய்திகளைச் சொல்கிறாள். அம்மாவுக்குக் கால் வீக்கம் இப்போது கம்மி. கீழ்பென்னாத்தூரில் சினேகா அக்காவின் வளைகாப்பு நன்றாக நடந்தது, எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்களாம். பொருளாதாரம் படித்தால் பேங்கில்தான் உட்காருவாளா என்று சித்தப்பா கேட்டதற்கு அம்மா "அவ பேங்குக்கே புத்தி சொல்லுவா" என்றாளாம்.

இனி என் செய்தி அக்கா, எழுதும்போதே கை பரபரக்கிறது. அம்மாவுக்குக் கால் உடைந்தபோது ஒன்பதாவதோடு நின்ற நான், தனியாகப் பத்தாவது பரீட்சை எழுதட்டுமா என்று தை மாதம் கேட்டதும், கூழ்க்கடையை யார் பார்ப்பது என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்ததும் உனக்குத் தெரியும். அடுத்த லீவில் வந்து பேசுகிறேன் என்று நீ சொல்லியிருந்தாய். அதற்குள் நான் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். இந்த மாதம் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா வளைகாப்புக்குப் போகும்போது, கூழை எப்போதும் போலக் காய்ச்சு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான் எப்போதும் போலக் காய்ச்சவில்லை. டீ விலை ஏறினால் ஆட்கள் காபிக்குப் போவார்கள், ஒன்றுக்கு ஒன்று பதிலீடு என்று போன லீவில் நீ சொல்லிக் கொடுத்தாய் அல்லவா, அதை வைத்து யோசித்தேன். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களுக்குத் திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கும், அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக சனிக்கிழமையே மலையைச் சுற்றிவிடுவார்கள் என்று முடிவு செய்து, இருந்த கேழ்வரகு மாவில் முக்கால்வாசியைச் சனிக்கிழமைக்கே பெரிய பானையில் காய்ச்சிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குச் சின்னப் பானை மட்டும்.

சனிக்கிழமை கிரிவலப் பாதையில் நாய்கள்தான் படுத்திருந்தன அக்கா. நிருதி லிங்கத்துப் பக்கம் நம் கடைக்கு அடுத்து சுண்டல் விற்கிற தங்கம்மாள் அத்தை என் பானையை எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, பௌர்ணமிய முன்னாடியே வரச்சொல்லி மலைக்கு மெசேஜ் போட்டுட்டியா?" என்று கேட்டுச் சிரித்ததில் ஆட்டோக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பானைக்குள்ளேயே இறங்கிவிடலாம் போல இருந்தது. மறுநாள் மத்தியானத்திலிருந்தே ஜனம் திமுதிமுவென்று வந்தது, சின்னப் பானை இருட்டுவதற்கு முன்பே காலி. பெரிய பானையைத் திறந்தால் புளிப்பு வாசனை மூக்கைத் துளைத்தது. அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்து, ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்து, "எவ சொல்லி இப்படிப் பண்ண?" என்றாள். எப்போதும் தலையைக் குனிந்துகொள்கிற நான் அன்றைக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, கரித்துண்டை எடுத்து பாடம் சொல்லும்போது நீ வரைந்து காட்டிய விலைக்கோட்டைத் தரையில் வரைந்து டீ, காபி, சனி, ஞாயிறு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். வாங்க வந்து நின்றிருந்த சென்னை அக்கா ஒருவர், தோளில் ஆபீஸ் பையோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு ஆபீஸ் இல்லையா என்று நானாகவே அவரைக் கேட்டேன், நம்புவாயா? "பஸ்லயே தூங்கிட்டு நேரா ஆபீஸ் போயிடுவேம்மா. சனிக்கிழமை சுத்தினா அது வாக்கிங், இன்னிக்கு சுத்தினாதான் கிரிவலம்" என்றார்.

அக்கா, அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று புரிந்தது. டீக்குக் காபி பதிலீடு, பௌர்ணமிக்குச் சனிக்கிழமை பதிலீடு இல்லை! கூழ் கெட்டதையே மறந்து, நான் எங்கே தப்பு செய்தேன் என்று அம்மாவிடம் கை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பானைக் கூழ் தங்கம்மாள் அத்தையின் எருமைக்குப் போனது, அது மட்டும் குறை சொல்லாமல் குடித்ததாம்.

புதன்கிழமை அம்மா கடையைச் சீக்கிரம் மூடி, முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்றாள். எங்கே என்று சொல்லவே இல்லை. செங்கம் ரோட்டில், பத்தாவது தனியாக எழுதுகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிற டியூஷனுக்குள் கூட்டிப்போய் நிறுத்தினாள். படிப்பைப் பாதியில் விட்ட பெண்ணை இப்போது எதற்குப் படிக்க வைக்கிறீர்கள் என்று சார் கேட்டார். அம்மா சொன்னது இது: "இவ ஒரு பானை கூழக் கெடுத்துட்டா சார். ஆனா ஏன் கெட்டுச்சுனு என்னைய உக்கார வெச்சு சொன்னா பாருங்க, அத மிச்சமும் கத்துக்கட்டும். பௌர்ணமி அன்னிக்கு மட்டும் வரமாட்டா. கடைல இவளுக்குப் பதிலீடு கிடையாது."

அந்த வார்த்தையை அம்மா அப்படியே பிடித்து வைத்திருந்தாள் அக்கா! நான் சாரிடம் என் பெயரைச் சத்தமாகச் சொன்னேன், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும். பத்தாவது முடித்து, பதினொன்றில் பொருளாதாரம் எடுத்து, பிறகு உன்னைப் போலப் பட்டமும் படிப்பேன்.

பரீட்சை நேரத்தில் கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, உருண்டையைத் தோழிகளுக்கும் கொடு, தலைக்கு எண்ணெய் வை, நீ எங்கே இருந்தாலும் அந்த மலை உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்று அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். வரும்போது உன் முதல் வருஷப் புத்தகங்களை மறக்காமல் கொண்டு வா, யாருக்கும் கொடுத்துவிடாதே.

அம்மா கஸ்தூரி சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்து எழுதிய
உன் தங்கை
மணிமொழி
திருவண்ணாமலை