பெட்டியின் அடிப்பக்கம்

ஐப்பசி, செவ்வாய் இரவு. மழை.

வேறு சாஃப்ட்வேர் ஏற்றப் போய் வீட்டு ரவுட்டரை நான் சாகடித்ததிலிருந்து, பாரிசில் இருக்கும் தன் தங்கையோடு என் மனைவி செல்வியால் சரியாகப் பேச முடியவில்லை. போன் டேட்டாவில் வீடியோ கால் போட்டால் தங்கையின் முகம் உறைந்துபோகிறது.

இன்று முத்தியால்பேட்டையில் புது ரவுட்டர் வாங்கப் போனோம். நான் எதுவும் ஏற்றிக் கெடுக்க முடியாத ஒன்றைத்தான் எடுப்பாள் என்று நினைத்தேன். அவளோ பெட்டியைக் கவிழ்த்து அடியில் அச்சிட்டிருந்த வெர்ஷன் எண்ணைப் படித்தாள்.

"இந்த வெர்ஷன்ல வேற சாஃப்ட்வேர் ஏறாதுங்க. இதே மாடல்ல பழைய வெர்ஷன் இருந்தா குடுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். சாப்பிடும்போது இதைப் பற்றி நான் புலம்பியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

வீட்டில் அந்தப் பழைய வெர்ஷனை மாட்டியதும் சொன்னாள்: "தங்கச்சிகிட்ட பேசி முடிச்சிடறேன். அப்புறம் இதையும் ஒடைங்க."

இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். எனக்கொன்றும் அவசரமில்லை.