மேல்தளத்து அறைக்கு இரண்டாவது பெயர்

நெம்மேலி
4.8.2025

கன்னியம்மா அக்காவுக்குத் தங்கை பொன்னி எழுதுவது.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அன்று முட்டுக்காடு படகுத்துறையில் இருந்தவர்கள்: நான், நீ, உன் வீட்டுக்காரர் ஏசுபாதம் மாமா, உன் மடியில் பல் முளைக்காத ஜெரோம், நம் அண்ணன் ராமதாஸ், அண்ணனின் மச்சினன் குமார். என்னைத் தவிர எல்லாரும் படகில் ஏறினீர்கள். உங்கள் செருப்புகளையும் புளிச்சோற்றுத் தூக்கையும் காவல் காத்தவள் நான். நீ மயில்கழுத்து நிறத்தில் புடவை கட்டியிருந்தாய். திரும்பி வந்து இறங்கியதும் என் முகத்துக்கு நேராகச் சிரித்து, "இன்னாடி பயந்தாங்கொள்ளி" என்றாய். அதோடு உன்னிடம் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பேசுவதில்லை என்றுதான் வைத்துக்கொண்டேன். எழுதுவதைப் பற்றி ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். என் பேத்தி சிநேகா உங்கள் கேளம்பாக்கத்தில்தான் வேலை பார்க்கிறாள், உல்லாசக் கப்பலில் அறை பதிவு செய்து கொடுக்கிற கம்பெனியில். போன வாரம் வந்து சொன்னாள்: "ஆயா, அந்தக் கப்பல்ல மேல்தளத்து ஸ்யூட்டு ரெண்டே ரெண்டுதான் கீது. ஒரு வருசம் முன்னாடியே புடிச்சுடுவாங்க. இப்ப ஒண்ணு கேன்சல் ஆயிடுச்சு. வேலை செய்யறவங்க வூட்டு ஆளுங்களுக்குத் தர்றாங்க. உன் பேரைப் போட்டுட்டேன். ஆனா ஒத்த ஆளுக்குத் தரமாட்டாங்க, இன்னொரு பேரு வோணும்."

பால்கனி உண்டாம். படுத்தபடியே கடலைப் பார்க்கலாமாம். சென்னைத் துறைமுகத்தில் கிளம்பி புதுச்சேரிப் பக்கம் போய்த் திரும்புகிறதாம். வழியில் நம் நெம்மேலி தெரியும், கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலையை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கலாம் என்கிறாள். நாம் நாற்று நட்ட சனம், வலை போட்ட சனம் இல்லை. இத்தனை வருஷம் கடலுக்குப் பக்கத்தில் படுத்தும் நான் ஒருநாள்கூடத் தண்ணீர்மேல் போனதில்லை. அங்கிருந்து என் ஊரை ஒருதரம் பார்க்க வேண்டும்.

மகனுக்கு லீவு இல்லை. மருமகளுக்கு பஸ்ஸே ஒத்துக்கொள்ளாது. இரண்டாவது பேர் யார் என்று சிநேகா கேட்டதும் என் வாயில் உன் பெயர் வந்துவிட்டது. நான் கூப்பிடவில்லை, வாய் கூப்பிட்டது. சனிக்கிழமை மாலை ஆறு மணிவரை அறையைப் பிடித்து வைத்திருப்பார்கள். பதிலை ஜெரோம் ஆட்டோவில் கொடுத்தனுப்பு.

இப்படிக்கு,
செருப்புக் காத்த பொன்னி


கேளம்பாக்கம்
6.8.2025

அன்புத் தங்கை பொன்னிக்கு, கர்த்தருடைய கிருபையால் நலம்.

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது ஜெரோம் கேட்டான், "இன்னாம்மா, சித்தி எழுதிக்கீது? யாராச்சும் போயிட்டாங்களா?" நம்மைப் பற்றி அவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அந்தப் புடவை மயில்கழுத்து இல்லை, பாசிப்பச்சை. தண்ணீரைக் கண்டால் நடுங்குகிறவள் கப்பலுக்குக் கூப்பிடுகிறாளே என்று முதலில் சிரித்தேன். அப்புறம் அழுதேன், அதை விடு. மாமா போன பிறகு இந்த வீட்டில் என் குரலே எனக்குக் கேட்பதில்லை. அவரைக் கிடத்தியிருந்த அன்று நீ வந்தாய், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் பொன்னி.

எங்கள் வீட்டில் எதுவானாலும் சீட்டு எழுதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பீடத்தில் வைப்போம். போதகர் ஜெபம் செய்த பிறகுதான் சரி என்போம். ஜெரோமுக்கு ஆட்டோ வாங்கியதும் அப்படித்தான், அவனுக்குப் பெண் பார்த்ததும் அப்படித்தான். கப்பலையும் வைத்துவிட்டுச் சொல்கிறேன். ராமதாஸ் அண்ணன் காதிலும் போட்டு வைத்தேன், பெரியவர் இல்லையா?

இப்படிக்கு,
உன் அக்கா கன்னியம்மா


நெம்மேலி
7.8.2025

அக்காவுக்கு,

நீ சீட்டு வைப்பது ஞாயிற்றுக்கிழமை. அறை நம் கையில் இருப்பது சனிக்கிழமை ஆறு மணிவரை. அந்தக் கம்பெனி உன் போதகருக்காகக் காத்திருக்காது. உன் சாமி சனிக்கிழமையும் விழித்துக்கொண்டுதான் இருப்பார், அன்றைக்கே கேட்டுக்கொள்.

எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பையை எடுத்துக் கட்டுகிறேன், பிரிக்கிறேன். குழம்பில் இரண்டுதரம் உப்புப் போட்டேன். வாசலில் ஆட்டோச் சத்தம் கேட்டால் ஓடுகிறேன், எல்லாம் யார் யாரோ.

மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்துவிட்டாய். நான் எப்போது தண்ணீரைக் கண்டு நடுங்கினேன்? புயலில் வீட்டுக்குள் கடல் வந்தபோது ஆட்டை அவிழ்த்துவிட்டவள் நான். எனக்குப் பயம் என்று உனக்கு யார் சொன்னது? இதற்குப் பதில் எழுது. அறைக்கும் பதில் எழுது.

பொன்னி


கேளம்பாக்கம்
10.8.2025, ஞாயிறு

அன்புள்ள பொன்னி,

வருகிறேன். காலையில் சீட்டு வைத்தேன், போதகர் ஜெபம் செய்தார், மனசு இலேசாகிவிட்டது. நீ சனிக்கிழமை என்று எழுதியிருந்தாய். கர்த்தர் பிடித்து வைத்த இடத்தை எவன் எடுக்கப் போகிறான்? அந்தப் பாசிப்பச்சைப் புடவை இன்னும் பெட்டியில் இருக்கிறது, கொண்டுவருகிறேன், நீயே பார். கப்பல் சாப்பாடு நமக்குச் சேருமோ என்னவோ. நெத்திலிக் கருவாடு வறுத்து எடுத்துக்கொள்ளட்டுமா? இல்லை, அவ்வளவு பெரிய அறையில் வாசனை வந்தால் திட்டுவார்களா? சிநேகாவைக் கேள்.

நீ கேட்டதற்குப் பதில். எனக்குச் சொன்னது ராமதாஸ் அண்ணன். உனக்கு என் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தேன். அண்ணன் வந்து, "பொன்னிக்குத் தண்ணின்னா பயம், அவ வரமாட்டா, எடத்த குமாருக்குக் குடு" என்றார். அதனால்தான் இறங்கியதும் உன்னைக் கேலி செய்தேன். அதற்கு இத்தனை வருஷமா?

இப்படிக்கு,
உன் கன்னியம்மா அக்கா


நெம்மேலி
13.8.2025

அக்காவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

சனிக்கிழமை சாயங்காலம் சிநேகா ஆபீசை விட்டு எழுந்து உன் வீட்டுக்கு வர முடியாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். உன் வீட்டுப் போன் ஜெரோமோடு ரோட்டில் சுற்றுகிறது, அவன் எடுக்கவில்லை. அப்போது அண்ணன் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி அவள் ஆபீசுக்கே வந்துவிட்டார். "கன்னியம்மாவுக்குத் தண்ணின்னா பயம், அவ வரமாட்டா, எடத்த எனக்குக் குடு" என்றாராம். அறை கைவிட்டுப் போகிறதே என்று அவளும் அவர் பெயரைப் போட்டுவிட்டாள். பெரியவர் பொய் சொல்வார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் வந்து சொன்னபோது எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. அப்புறம் உன் கடிதம் வந்தது, நீ எழுதியிருந்ததைச் சிநேகாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஆயா, தாத்தா என்னாண்ட சொன்னதும் இதேதான்" என்றாள். வார்த்தையைக்கூட மாற்றவில்லை அந்த மனுஷன், ஆளைத்தான் மாற்றியிருக்கிறார்.

அன்று அவர் எனக்குச் சொன்னது உனக்குத் தெரியாது. "உங்கக்கா எடத்த வுடமாட்டேங்கறா, நீ கரையிலயே இரு" என்றார். நான் கரையிலேயே இருந்தேன்.

நேற்றுக் காலையில் போன் செய்தார். கறுப்புக் கண்ணாடி வாங்கிவிட்டாராம். "பால்கனி பக்கத்துக் கட்டிலு எனக்கு, சொல்லிட்டேன்" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அவர் பெயரை எடுத்துவிட்டு அக்கா பெயரைப் போடு என்று சிநேகாவைக் கேட்டேன். பதிவு முடிந்த பிறகு இந்த மாதிரி அறையில் ஆள் மாற்ற முடியாதாம். எடுத்தால் அறை மொத்தமாகப் போய், காத்திருக்கிறவர்களில் முதலில் நிற்பவருக்குக் கிடைக்குமாம். "உடு, எடுத்துடு" என்றேன். "ஆயா, போனா திரும்பி வராது. தாத்தாவோட போய்ட்டு வா, அவராண்ட பேசாம இருந்துக்கோ. அதான் உனக்குப் பழக்கமாச்சே" என்றாள். வாய் அவளுக்கு. "ரெண்டு பேரையும் எடு" என்றேன். எடுத்தாள். அவள் போனைப் பையில் வைப்பதற்குள் வேறு யாரோ பிடித்துவிட்டார்களாம். நல்லா இருக்கட்டும். நெம்மேலியை அவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும், பெயர்கூடத் தெரியாமல்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உன் ஆராதனை முடிந்ததும் முட்டுக்காட்டுக்கு வா. கருவாட்டை வறுத்து எடுத்துக்கொண்டு வா, படகில் யாரும் திட்டமாட்டார்கள். ஜெரோம் கரையில் நின்று செருப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். முதலில் நான் ஏறுவேன், அப்புறம் நீ. நடுத்தண்ணீருக்குப் போனதும் பேசுவேன். மாமாவைக் கிடத்தியிருந்த அன்று தொண்டைவரை வந்து நின்ற பேச்சு, அதைத்தான் முதலில் பேசுவேன்.

இப்படிக்கு,
உன் தங்கை பொன்னி

இன்னும் ஒன்று. குமாரை மன்னித்துவிட்டேன், கூப்பிட்டார்கள், ஏறினான். உன் சிரிப்பையும் மன்னித்துவிட்டேன், ஆனால் புடவை மயில்கழுத்துதான். அண்ணனுக்கு வயதாகிவிட்டது, போகட்டும் என்று நீ எழுதுவாய். எழுதாதே. இத்தனை வருஷம் என் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு, நம் இரண்டு வீட்டிலும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர். சாகும்வரை மன்னிக்கமாட்டேன் என்று நான் வைத்திருப்பது இனி ஒரே ஆள்தான்: ராமதாஸ்.