டேங்குக்கு அடியில் எரிந்த பல்பு

அண்ணா,

போன வாரம் ஒரு காலை, நம் அப்பாவின் மோட்டார் சைக்கிள் சீட்டைத் தூக்கினேன். ரப்பர் லேசாகக் கருகிய வாசம் வந்தது. அந்தக் காலத்தில் இதே வாசத்தைப் பற்றி நான் கேட்டதும், நீங்கள் சொன்ன பதிலும் கூடவே நினைவுக்கு வந்தன. "பழைய வண்டின்னா அப்படித்தான் கண்ணு. அதையெல்லாம் மோந்து பாத்துட்டிருந்தா பொழப்பு ஓடுமா?" நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு அண்ணிதான், "அப்பா வண்டி உங்களுக்குத்தானுங்க அம்மிணி" என்று சொல்லி, ஷெட்டில் சாக்கு மூடிக் கிடந்ததை சிங்காநல்லூரில் என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். மெக்கானிக் துடைத்து, எண்ணெய் மாற்றி, புது பேட்டரி போட்டார். மாலையில் ஒரே உதையில் கிளம்பியது. மறுநாள் காலை ஹாரன் பூனைக்குட்டி போல முனகியது. எனக்கு நன்றாகத் தெரிந்த நோய். என் வேலையைத் தின்ற நோய்.

மாட்டுத் தீவனக் கம்பெனியில் எனக்கு அந்த வேலை கிடைத்ததும் வீட்டில் நடந்த கூத்து உங்களுக்கு மறந்திருக்காது. கிணத்துக்கடவிலிருந்து ஆனைமலை வரை பால் சொசைட்டிகளைச் சுற்றி வர வேண்டும். சொந்த வண்டி இருந்தால்தான் வேலை. "பொட்டப்புள்ள மோட்டார்ல போனா யாரு ஊட்டுக்குக் கட்டிட்டுப் போவாங்க?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நீங்கள்தான் சாவியை எடுத்து என் கையில் வைத்தீர்கள். "ஓட்டட்டும் உடுங்கம்மா. காலம் மாறிப்போச்சு." அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை வருடம் உங்களைத் தலையில் தூக்கி வைத்திருந்தேன்!

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு காலையில் வண்டி கிளம்பாமல் போனது. மில் ஷிப்டுக்குப் போகும் முன் நீங்களே பின்னாலிருந்து தள்ளி ஸ்டார்ட் செய்து கொடுப்பீர்கள். முதல் சொசைட்டியில் நிறுத்திப் பேசிவிட்டு வந்தால் மறுபடி கிளம்பாது. பால் கேன் இறக்க வந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் செயலாளர் பூட்டிவிட்டுப் போயிருப்பார்.

நாம் இருவரும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அதோடு மல்லுக்கட்டினோம். ஆக்சிலேட்டரைத் திருகினால் ஹெட்லைட் மேலிருந்த மீட்டரின் முள் சார்ஜ் பக்கம் சாய்ந்தது. "டைனமோ நல்லாருக்குது" என்றீர்கள். ரெகுலேட்டரைத் திறந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். பேட்டரி டெர்மினலில் பூத்திருந்த பச்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். பேட்டரியையும் மாற்றினோம். எதற்கும் மசியவில்லை. "எங்காச்சும் கரண்ட் கசியுதுங்களாண்ணா?" என்று நான் கேட்டேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னீர்கள்: "அதெல்லாம் நேத்தே பாத்துப்போட்டேன் கண்ணு. ஒரு சொட்டு கசியல."

தெருவில் யார் வண்டி பேட்டரி இறங்கினாலும் நீங்கள் முதலில் செய்வது அந்தச் சோதனைதான். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் இடையில் ஒரு பல்பை வைப்பீர்கள். பல்பு எரிந்தால் வண்டி சும்மா நிற்கும்போதே எதுவோ கரண்டைக் குடிக்கிறது என்று அர்த்தம். என் வண்டிக்கு மட்டும் என் கண்முன்னால் நீங்கள் அதைச் செய்ததே இல்லை. அது எனக்கு அன்று உறைக்கவில்லை. அண்ணன் பார்த்துவிட்டார் என்றால் பார்த்துவிட்டார்தானே.

கம்பெனி மேனேஜர் மரியாதையாகத்தான் சொன்னார்: "நிக்காம வர்ற ஆளாப் பாத்துக்கறோமுங்க." அன்று பொழுது சாய்ந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். "போனாப் போகுது கண்ணு. உனக்கும் வண்டிக்கும் ராசியில்ல." அந்த மாதமே எனக்குக் கல்யாணம் முடிவானது.

போன வாரம் நானே பல்பை வைத்துப் பார்த்தேன். சாவி என் மடியில் இருந்தது, பல்பு எரிந்தது. ஹாரனைக் கழற்றினேன், ஹெட்லைட்டைக் கழற்றினேன், அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. டேங்கைத் தூக்கினேன். அடியில், சட்டத்தோடு ஒட்டி, ஒரு சைக்கிள் டியூப் துண்டு. உள்ளே மீட்டரில் போடுகிற குட்டி பல்பு. பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர். இரவெல்லாம் வெளிச்சம் வெளியே தெரியாமல் எரிய ஏற்பாடு.

யார் கட்டியது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வயரில் சுற்றிய டேப் சூட்டில் பிரிந்துவிடும் என்று அதன் முனையில் பஞ்சு நூல் சுற்றி, மில்லில் இழை அறுந்தால் போடுகிற முடிச்சைப் போடுகிற ஆள் நம் தெருவில் நீங்கள் ஒருவர்தான். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி வயரிலும் அதே முடிச்சு இருக்கிறது. அந்த டியூப் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணியிடம் கேட்டேன். முதலில் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். "பொண்ணு கேட்டு வந்தவிய, வண்டிய உட்டாத்தான் கண்ணாலம்னு சொல்லிப்போட்டாங்க. உங்ககிட்டச் சொல்ல அவருக்கு வாய் வரலீங்க அம்மிணி."

வாய் வரவில்லை. கை மட்டும் வந்தது. இரவில் பல்பை எரியவிட்டு, காலையில் அதே கையால் என்னைத் தள்ளியும் விட்டீர்கள். அம்மா என்னை எதிர்த்தார், ஆனால் நேருக்கு நேர் எதிர்த்தார். 'போகாதே' என்று நீங்களும் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தோற்றும் போயிருப்பேன். அந்தச் சண்டைக்குக்கூட நான் லாயக்கில்லை என்று நினைத்துவிட்டீர்கள். உங்கள் வார்த்தையை நம்பி, போன மாதம் என் மகள் சைக்கிள் கேட்டபோது நானும் சொன்னேன், நமக்கு அதெல்லாம் ராசியில்லை என்று.

நேற்று டேங்குக்கு அடியிலிருந்த அந்தப் பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். கிணத்துக்கடவு தாண்டி ஆனைமலை வரை போனேன். அந்த நாளில் வண்டி படுத்த ஒவ்வொரு சொசைட்டி வாசலிலும் நிறுத்தி, அணைத்து, மறுபடி உதைத்தேன். ஒவ்வொரு இடத்திலும் கிளம்பியது. வேறு ஏதோ கோளாறும் இருந்திருக்கும், பழி முழுவதும் உங்கள் மேல் இல்லை என்று நினைத்துக்கொள்ள, திரும்பி வரும் வழியில் ஒரு தடவையாவது நின்றுவிடாதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன் அண்ணா. வீடு வந்து சேரும்வரை அது நிற்கவே இல்லை.