தம்பியின் பெயர் வைக்க இருந்த கடல் சாமந்தி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வரவும் துணிச்சல் இல்லை.

அம்மாவுக்கு வலது கண்ணில் மட்டும் சொட்டு மருந்து. மற்றபடி சௌக்கியம். நீ சக்கர நாற்காலியில் வாசல் வரை போய் வந்ததை எதிர்வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்கிறாள்.

கடலில் மூழ்கிக் கப்பலுக்கடியில் பழுது பார்த்துவந்த நீ, எனக்காகப் பாறையிடுக்கிலிருந்து பெயர்த்து வந்தாயே ஒரு கடல் சாமந்தி, அது புது இனம் என்று உன் பெயரை வைத்து நான் அனுப்பிய கட்டுரை திரும்பி வந்துவிட்டது. நூற்றிருபது வருஷத்துக்கு முன்பே யாரோ அதற்குப் பெயர் வைத்துவிட்டாராம். நான் நம்பவில்லை. அவர் பார்த்துப் பெயர் வைத்த, பதப்படுத்திய அதே பிராணியை ஓர் அருங்காட்சியகத்திலிருந்து வரவழைத்தேன். நிறமெல்லாம் போய்க் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. எலும்பும் ஓடும் இல்லாத ஜென்மம், உள்ளே பார்த்தால்தான் இனம் சொல்ல முடியும். அனுமதி வாங்கி, இரண்டையும் மெல்லிசாகச் சீவி, வயிற்றுக்குள் இருக்கும் தடுப்புகளை எண்ணினேன். கொட்டும் நுண்பைகளை மூன்று தடவை அளந்தேன். எங்காவது ஒரு வித்தியாசம் கிடைக்காதா என்று தவித்தேன். இரண்டும் ஒன்றேதான்.

துறைத்தலைவர் முன்னால் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "முதல்ல வச்ச பேருதாம்மா நிக்கும். நீயும் நானும் அழுது என்ன பண்றது?" என்றார்.

டாக்டரிலிருந்து பால்காரர் வரை எல்லோரிடமும் உன் பெயரில் ஓர் உயிர் வரப்போகிறது என்று சொல்கிறாயாமே. இப்போதைக்குச் சொல்லிவிடாதீர்கள் அண்ணி என்று உன் மனைவி போனில் கெஞ்சினாள். இரண்டு வாரம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொண்டால் அது இன்னும் கொடுமை.

ஒரு சாமந்தி மட்டும் போதாது, இன்னொன்று கிடைத்தால் நல்லது என்று சொன்னவள் நான். இரண்டாம் முறை நீ இறங்கியது அதற்காக. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததால்தான் கால் விளங்காமல் போனது என்று எல்லோரும் பேசுகிறார்கள். எதற்காக இறங்கினாய் என்று யாரும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

உன் சாமந்தி இருக்கும் ஜாடிக்குள் போடும் சீட்டில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் உன் முழுப்பெயரை எழுதினேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

கால் பயிற்சியை விட்டுவிடாதே. ஆசீர்வாதம் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. திட்டத் தோன்றினால் திட்டு. உன் மனைவியிடம் சொல்லி அனுப்பாமல், உன் கையால் எழுது.

உன் அக்கா